ஒன்பதாம் வீட்டின் பத்தாம் நாள்

அந்த வீடு பூட்டியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே டைரியக்கா படியேறினாள். பதினோரு வருஷமாகக் கதவுகள் திறக்க வேண்டும் என்று மட்டுமே வேண்டிப் பழகியவள் அவள். இப்படித் தலைகீழாக வேண்டினால் கேட்பவருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். முன்னால் அலுவலகத்திலிருந்து வந்த பென்சில் சார், கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஓய்வு பெறப் போகிற வயதிலும் இரண்டிரண்டு படிகளாகத் தாவிக்கொண்டிருந்தார். அவளுக்குக் குதிகால் வலி. மூன்றாவது மாடி வருவதற்குள் வலது காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. "நீங்க வீட்டைக் காட்டுறதோட சரி. உள்ள வந்து ஓரமா நில்லுங்க. வாயைத் திறக்கக் கூடாது. ஜாடையும் கூடாது" என்று கீழேயே சொல்லியிருந்தார். ஏற்கெனவே எடுத்த கணக்கைச் சரிபார்க்கும் மறு பரிசோதனைக்குப் போகும்போது எல்லோரிடமும் சொல்வதுதான் அது. ஆனாலும் இன்றைக்கு அது தனக்கென்றே சொன்னதுபோல அவளுக்குப் பட்டது.

அவள் வேலை சொல்வதற்குச் சுலபமானது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் அலுவலகம் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் பன்னிரண்டு வீடுகளுக்கும் வீட்டுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுக்க வேண்டும். பதினான்கு நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு இருபத்துநான்கு வரி, வரிக்கு ஒரு மணி நேரம். என்ன செய்தீர்கள், எங்கே, உடன் யார் என்று மூன்று கட்டங்கள். நோட்டை அடுப்படியில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, பென்சிலை நூலால் அதோடு கட்டிவிட்டு வருவாள். ஒன்றுவிட்டு ஒருநாள் போய், எழுதியிருப்பதைப் பார்த்து, அலுவலகத் தாளில் எண்களோடு ஏற்றுவாள். தூக்கம் என்றால் ஒன்று, சமையல் என்றால் ஏழு, நோயாளியைக் கவனித்தல் பத்தொன்பது. நோட்டு வீட்டுக்காரர்களுடையது. அலுவலகத்துக்குத் தாள் போதும். இப்படி நடந்து நடந்தே அந்தப் பகுதியில் அவளுக்கு டைரியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. தெருநாய்கள்கூட அவளைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. மனிதர்கள்தான் இன்னும் விடவில்லை.

மனிதர்கள் ஆரம்ப சூரர்கள். முதல் மூன்று நாள் பல் விளக்கியதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்த்ததுவரை எழுதித் தள்ளுவார்கள். ஐந்தாம் நாள் எல்லாமே 'வீட்டு வேலை' என்று சுருங்கும். எட்டாம் நாள் 'மேற்படி'. அதற்கப்புறம் அந்த மேற்படிக்கும் கை வராமல், இரண்டு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். பதினோராம் நாள் போய்க் கேட்டால், செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி ஒரு பதில் வரும். போன மாதம் ஒருவர் கதவைத் திறந்து, அவளை நேருக்கு நேர் பார்த்து, "வீட்ல யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு மூடினார். அவள் யாரையும் குறை சொல்லமாட்டாள். தன்னுடைய ஒரு நாளை எழுதிப் பார்க்கலாமென்று ஒருமுறை உட்கார்ந்து, மத்தியானம் மூன்று மணிக்கு என்ன செய்தோம் என்று எழுத வெட்கப்பட்டுப் பாதியில் மூடி வைத்தவள்தான் அவளும்.

பென்சில் சாருக்கு அந்தப் பெயர் வந்த கதை வேறு. பரிசோதனைக்குப் போகிற வீட்டில் அவர் முதலில் கேட்பது நோட்டை அல்ல, பென்சிலை. "பதினாலு நாள் எழுதின பென்சில் இவ்வளவு நீளமா இருக்குமா? பென்சில் தேயாம டைரி எப்படிம்மா நெறையும்?" என்பார். அப்படியே மூன்று பேருடைய வேலை போயிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, பத்தாம் நாளுக்கு மேல் எழுதாமல் விட்ட வீடுகளில் டைரியக்கா தானே பென்சிலைச் சீவிவிட்டு வருவாள். பேசிக்கொண்டே, கை பாட்டுக்குச் சீவும். சீவல்களைக் கீழே போடாமல் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள். அவள் பையைத் திறந்தால் எப்போதும் ஒரு மரவாசனை அடிக்கும். ஒன்றிரண்டு வரியைத் தானே நிரப்புவது ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்று அவள் தன்னைச் சமாதானம் செய்து வைத்திருந்தாள்.

இப்போது படியேறிப் போகிற இந்த ஒன்பதாம் வீட்டில் பென்சில் சீவ வேண்டிய தேவையே இருந்ததில்லை. அந்த வீட்டுப் பெண் எழுதினாள். அப்படி ஒருத்தி எழுதி டைரியக்கா பார்த்ததில்லை. புருஷன் பேருந்து ஓட்டுகிறவன், நேரம் காலம் இல்லாத வேலை. முன்னறையில் கட்டிலோடு கிடந்த மாமனார். மூன்று பேர் குடும்பம். மூன்றாம் நாள் பக்கத்தை டைரியக்காவால் இப்போதுகூடப் பார்க்காமல் சொல்ல முடியும். இரவு இரண்டு மணி, மாமாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். மூன்று மணி, துணி மாற்றினேன். நான்கு, தூக்கம் மாதிரி. பதினொன்று, கஞ்சி கொடுத்தேன், பாதி குடித்தார், பாதி என் மேல். மத்தியானம் இரண்டு, அவர் என்னை அவருடைய தங்கை என்று நினைத்துக்கொண்டு பேசினார், நானும் தங்கையாக இருந்தேன். உடன் யார் என்ற கட்டத்தில் இருபத்துநான்கு வரியில் பத்தொன்பது வரிக்கு 'மாமா'. ஆறாம் நாளுக்குள் பென்சில் கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அன்றைக்குப் போயிருந்தபோது அந்தப் பெண், "நாள் பூரா என்ன செய்றேன்னு என்னை யாரும் கேட்டதே இல்லைக்கா. எழுதிப் பாத்தா எனக்கே பயமா இருக்கு" என்று சிரித்தாள். டைரியக்காவும் சிரித்தாள். தாளில் பத்தொன்பது பத்தொன்பது என்று எண்ணை எழுதிக்கொண்டே சிரித்தாள்.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போக வேண்டிய முறை. குதிகால் வீங்கியிருந்தது. போன் செய்தாள், எடுக்கவில்லை. பத்தாம் நாள் மறுபடி செய்தாள், எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இரண்டு தடவை. இவளும் சலித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். ஏற்கெனவே இரண்டு வீடு போயிருந்தது. ஒன்று பூட்டு, ஒன்று நோட்டை வாசலில் வீசிய ஆசாமி. பன்னிரண்டில் மூன்று வீடு காலியென்றால் அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில், இந்தக் காலோடு, வேறு யார் அவளுக்கு வேலை கொடுப்பார்கள்? மூன்று மாடி ஏறி ஒருமுறை கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. சனிக்கிழமை காலை, வெயில் நன்றாக விழுந்த தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அலுவலகத் தாளில் மூன்றாம் நாளுக்கு ஏற்றியிருந்ததை எடுத்துப் பத்தாம் நாளில் வைத்தாள். நான்கைப் பதினொன்றில். அப்படியே வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒருநாள் கஞ்சியைப் பன்னிரண்டு மணிக்குத் தள்ளினாள், ஒருநாள் துணியை இரண்டு தடவை மாற்றினாள். அந்த வீட்டில் நாள் மாறவா போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது நன்றாக வந்திருக்கிறது என்றுகூடத் தோன்றியது. இப்போது படியில் நிற்கும்போது அந்தத் திருப்திதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது.

அந்தப் பெண் கதவைத் திறந்தாள். பினாயில் வாசனை. முன்பெல்லாம் இந்த வீட்டில் மருந்தும் மூத்திரமும் கலந்த ஒரு வாசனை இருக்கும், நுழைந்த இரண்டு நிமிஷத்தில் பழகிவிடும். டைரியக்காவின் கண் தானாகக் கட்டில் பக்கம் போனது. கட்டில் இல்லை. அதன் சட்டம் மட்டும் கழற்றப்பட்டுச் சுவரில் சாத்தியிருந்தது. கால்கள் நான்கும் ஒரு துணிப்பையில். ஜன்னலுக்கு வெளியே கம்பியில் மெத்தை தொங்கிக்கொண்டிருந்தது, நன்றாக வெயிலேறி, பல நாள் காய்ந்த மெத்தை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிவிடலாம் என்றால் கால் ஒத்துழைக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பது பற்றி எத்தனை பேரிடம் சிரித்துப் பேசியிருப்பாள்.

பென்சில் சார் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பிரித்தார். கட்டிலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். "பயப்படாதீங்கம்மா. நாலு கேள்வி. எழுதினது சரியான்னு பாக்கணும், அவ்வளவுதான். பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்கு மாமனாருக்குக் கஞ்சி, பாதி குடித்தார். சரிதானே?"

"யாருக்கு சார்?"

"உங்க மாமனாருக்கு."

அந்தப் பெண் மெதுவாகத் திரும்பி டைரியக்காவைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. கணக்குப் புரியாத ஒருவர் பதிலைத் தேடுவதுபோல முகத்தில் தேடினாள். தேடியது கிடைத்துவிட்டது என்பது அவள் இமை தாழ்ந்ததில் தெரிந்தது.

"ஆமா சார். குடுத்தேன்."

"பாதிதான் குடிச்சாரா?"

"பாதிதான்."

"ராத்திரி மூணு மணிக்குத் துணி மாத்தினது?"

"மாத்தினேன் சார்."

அவர் சரிக்குறி போட்டார். பிறகு பேனாவை மூடி, அக்கம் பக்கம் பார்த்தார். "பெரியவர் எங்கம்மா? ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

"தவறிட்டாரு சார்."

"அடடா." கோப்பைக் கீழே வைத்தார். நல்ல மனிதர்தான். "எப்பம்மா?"

"ஞாயித்துக்கிழமை விடியக்காலைல."

"எந்த ஞாயிறு?"

தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. டைரியக்கா சுவரில் சாத்தியிருந்த கட்டில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாம் நாள் ஞாயிறு என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். சொல்லிவிடம்மா, சொல்லித் தொலைத்துவிடு என்று ஒரு மனம் கெஞ்சியது. இன்னொரு மனம் அடுத்த மாத வீட்டு வாடகையை நினைத்தது. அந்த இரண்டாவது மனத்தின் குரல்தான் பெரிதாக இருந்தது என்பதை அவள் மறைக்க முடியாது, தன்னிடமாவது.

"இப்ப போச்சே சார், அந்த ஞாயிறு" என்றாள் அந்தப் பெண்.

"மூணு நாள்தான் ஆகுதா?" சார் எழுந்தே விட்டார். அப்போதுதான் உள்ளறைத் திரை விலகியிருப்பதை டைரியக்கா பார்த்தாள். புருஷன் நின்றிருந்தான். இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்து படுத்திருப்பான், கண் சிவந்திருந்தது, கன்னத்தில் தலையணை மடிப்பு. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. "தம்பி, நீங்கதான் மகனா? இந்த நேரத்துல வந்து தொந்தரவு குடுத்துட்டோம். இந்த ஞாயித்துக்கிழமைதான்னு இப்பத்தான் சொன்னாங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். டைரியக்காவைப் பார்த்தான். தகப்பன் போன நாளை ஒரு மகனிடம் யாரும் சரிபார்க்கவே கூடாது.

"அவ சொன்னா சரிதான் சார்" என்றான்.

சார் கிளம்பும்போது பழக்கத்தில் பென்சிலைக் கேட்டார். கேட்டதற்கே வருத்தப்பட்டவர்போல, "சும்மா, ஒரு வழக்கம்" என்றார். அந்தப் பெண் அடுப்படியிலிருந்து கட்டை விரல் அளவு துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். வால்போல நூல் தொங்கியது. நோட்டு எங்கே என்றதற்கு, "அவரு போன அலங்கோலத்துல எங்க போச்சுன்னு தெரியல சார்" என்றாள். அவர் தலையாட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டைரியக்காவிடம், "இந்த மாதிரி ஒரு தாளை நான் பாத்து வருஷக் கணக்காச்சு. கடைசி நாள்வரைக்கும் ஒரு வரி தொய்யல. புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் காட்டப்போறேன்" என்று மெல்லிய குரலில் சொன்னார். "ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க. கீழ நிக்கிறேன்."

அவர் இறங்கும் சத்தம் கேட்டது. டைரியக்கா வாசல்படிக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தாள். அதை மட்டும் எப்படிக் குடிக்க முடிந்ததோ.

"உக்காருங்கக்கா. கால் இன்னும் சரியாகலையா?"

"எனக்குத் தெரியாதும்மா. போன் பண்ணினேன். உனக்குக் கை ஒழியலையாக்கும்னு..."

"நாலு தடவை பண்ணீங்க. பாத்தேன். கை ஒழிஞ்சுபோனதாலதான் எடுக்கல."

டைரியக்கா நிமிர்ந்தாள். அந்தப் பெண் மெத்தை இருந்த பக்கம் பார்த்துப் பேசினாள். "ஞாயித்துக்கிழமை எல்லாம் முடிஞ்சுது. வந்தவங்க போனாங்க. படுத்தேங்கா. திங்கக்கிழமை பூரா தூங்கினேன். செவ்வாயும். இவரு எழுப்பிப் பாத்துட்டு விட்டுட்டாரு. நாலு வருஷத்துல ஒரு ராத்திரி முழுசா தூங்கினதில்ல. நீங்க கஞ்சி குடுத்தேன்னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பதினோரு மணிக்கு எனக்கு நல்ல தூக்கம். கனவுகூட இல்ல." டைரியக்கா பக்கம் திரும்பினாள். "எந்திரிச்சு நோட்டை எடுத்தேன். மாமா போய் ரெண்டு நாள் ஆகல, மருமக காலை நீட்டித் தூங்கினான்னு என் கையாலயே எப்படி எழுதுறது? எழுதாம விட்டா உங்களுக்குப் பொல்லாப்பு. அதான் போனை எடுக்கல."

விடுபட்டதற்குக் காரணம் எழுத அலுவலகத் தாளின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. மறுப்பு ஒன்று, பூட்டிய வீடு இரண்டு, சலிப்பு மூன்று. இதற்கு எண் கிடையாது. இருந்திருந்தாலும் டைரியக்கா கேட்டிருக்கமாட்டாள், சலிப்பு என்றுதான் போட்டிருப்பாள். இவள் தூங்கிய தூக்கத்தைப் புருஷன்கூடக் கலைக்காமல் விட்டான். தான்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவளை ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுப்பி, செத்துப்போன மனிதருக்குத் துணி மாற்ற வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"நான் இப்பவே போய் சார்கிட்ட சொல்லிடுறேன்மா."

"வேண்டாங்கா." பதறிவிட்டாள். "சொன்னா நான் சொன்ன பொய்யும் வெளிய வரும். இவரு சொன்னதும் வரும். அதோட..." புருஷனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "உங்க தாள்லயாவது நான் எந்திரிச்சுக் கஞ்சி காய்ச்சியிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்."

புருஷன் இதுவரை கட்டில் சட்டத்தின் பக்கத்தில் நின்று, அதன் திருகாணி ஒன்றை விரலால் திருகிக்கொண்டிருந்தான். "விடுங்கக்கா" என்றான். "அப்பா ஒரு வாரம் கூட இருந்துட்டுப் போனாருன்னு நெனச்சுக்கறோம்." குத்திக்காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொன்னான். அவளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

வாசல்வரை வந்த அந்தப் பெண், முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்த நோட்டை நீட்டினாள். மறுபடி அதோடு கட்டியிருந்த பென்சில் துண்டு நூலில் ஆடியது. "இதை நீங்களே கொண்டு போயிடுங்க. இங்க இருந்தா எடுத்து எடுத்துப் பாக்கத் தோணுது." பிறகு முதல் தடவை வந்த விருந்தாளியை வழியனுப்புவதுபோல, "படி பாத்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள், உள்ளே யாரோ தூங்குவதுபோல. நாலு வருஷப் பழக்கம்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. டைரியக்கா அங்கே நின்று சுவரில் சாய்ந்து வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பைக்குள் நோட்டை வைக்கத் திறந்தபோது மரவாசனை அடித்தது. சீவல்களுக்கு நடுவில் அதை வைக்க மனம் வரவில்லை. பிரித்தாள். முதல் ஏழு பக்கமும் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தது. ஏழாம் நாள் கடைசி வரியில், மாமாவிடம் இன்றைக்குக் கத்திவிட்டேன் என்றிருந்தது. எட்டாம் பக்கம் காலி. ஒன்பதும் பத்தும் வெற்றுப் பக்கங்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்தைப் புரட்டும்போதுதான் தாள் வேறு மாதிரி இருப்பது விரலில் பட்டது. பஞ்சு பஞ்சாக, மெலிந்து. எழுதி அழித்திருக்கிறாள். ஒவ்வொரு வரியாக.

பத்தாம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தாள். முதல் வரியிலிருந்து கீழே வரை, வரிக்கு ஒன்றாக, ஒரே சொல் நிழலாக எழுந்து வந்தது. தூக்கம். தூக்கம். தூக்கம். சில இடங்களில் அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்து, வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தது. பதினோரு மணி வரியில் கிழியவில்லை. பென்சில் பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது, விரலை வைத்தால் தெரிகிற அளவுக்கு.

"என்னம்மா, கால் வலியா? அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு" என்று கீழேயிருந்து பென்சில் சாரின் குரல் வந்தது. அவர் ஒரு படி மேலே ஏறும் சத்தமும் கேட்டது. டைரியக்கா நோட்டை ஜன்னல் திண்டில் வைத்து, கட்டை விரல் அளவு பென்சிலை இரண்டு விரலால் பிடித்து, பதினோரு மணி வரியின் முதல் எழுத்தில் வைத்தாள். மழுங்கிய முனை அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.